சோப்பினின் கடைசிக் கனவு

பாரிஸ், 1849 அக்டோபர். போலந்தில் பிறந்த பியானோ மேதை பிரெடெரிக் சோப்பின், 39 வயதில் மரணப் படுக்கையில் இருக்கிறார். அவர் காணும் கனவுதான் 'எடர்னல் சொனாட்டா': ஜப்பானின் ட்ரை-கிரெசெண்டோ நிறுவனம் உருவாக்கி, 2007-இல் வெளிவந்த வீடியோ கேம். போல்கா, அலெக்ரெட்டோ, பீட் என்று கனவு மாந்தருக்கெல்லாம் இசைச் சொற்களே பெயர். சண்டையில் வெளிச்சத்தில் நின்றால் ஒரு வித்தை, நிழலில் நின்றால் வேறொன்று. பின்னணி இசை மோட்டோய் சகுராபாவுடையது, அதுவும் அழகுதான்.

ஆனாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க வேண்டியவை, இடையிடையே வரும் சோப்பினின் சொந்தப் படைப்புகள். வாசித்தவர் ஸ்தானிஸ்லாவ் பூனின், 1985-இல் வார்சா சோப்பின் போட்டியில் முதல் பரிசு வென்றவர். அந்தப் படைப்புகள் வரும்போது சண்டை கிடையாது. சோப்பினின் வாழ்க்கைக் கதையும் ஊர்களின் புகைப்படங்களும் திரையில் மெல்ல நகர, பியானோ ஒலிக்கிறது.