மருந்து செய்யும் படிப்பு நம் பிள்ளைகளுக்கும்தான்

அன்பான பூண்டுலோயாத் தோட்டத்துப் பெற்றோரே,

"ஓ.எல். முடிஞ்சிருச்சு, மகனை கொழும்புக்கு கடை வேலைக்கு அனுப்பட்டுங்களா ஐயா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். பிள்ளைக்கு கணக்கும் விஞ்ஞானமும் நன்றாக வரும். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சில தேயிலை ஸ்டோர்களில், கீழிருந்து சூடான காற்றை ஊதி, தூளை மிதக்கவிட்டுக் காயவைக்கும் டிரையர் இருக்கிறது. மாத்திரைக்கான மருந்துத் துகளையும் இதே முறையில் காயவைக்கிறார்கள். தேத்தண்ணி ருசி கெட்டால் கொட்டிவிடலாம். மாத்திரையில் மருந்து கூடினாலோ குறைந்தாலோ உயிருக்கே ஆபத்து. முதல் மாத்திரையில் உள்ள அளவே லட்சமாவது மாத்திரையிலும் இருக்க வேண்டும். அதற்கேற்ப இயந்திரம், சூடு, காற்று, சுத்தம் எல்லாவற்றையும் அமைப்பதே மருந்துப் பொறியியல்.

இது முதுமாணிப் படிப்பு. அதற்கு முன் 4 வருடப் பட்டம் வேண்டும். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தால் மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இரசாயனப் பொறியியல் படிக்கலாம். உயிரியல் பிரிவு என்றால் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பார்மசி பட்டம் இருக்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. நுவரெலியா மாவட்டத்துக்கு ஒதுக்கீடும் உண்டு. முதுமாணிக்குத்தான் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். இந்தியாவில் மொஹாலியிலுள்ள தேசிய மருந்துக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறை முதுமாணி உண்டு. நம் நாட்டிலும் இரத்மலானையில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் 1987 முதல் இருக்கிறது.

இரண்டு பிரிவுக்கும் இரசாயனவியல் கட்டாயம். பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லையென்றால், எங்கே இருக்கிறதென்று அதிபரிடம் விசாரியுங்கள். கடை வேலை எப்போதும் கிடைக்கும். உயர்தர வகுப்பில் சேரும் வயது திரும்ப வராது. இன்னும் இரண்டு வருசம் பொறுங்கம்மா.