ஃபார்வர்டுக்கு முன்னாடியே ஒரிஜினல் வரணுமா? ஆர்எஸ்எஸ் ஃபீடை இப்படி செட் பண்ணுங்க

2025 செப்டம்பர் மாசம் நடந்தது ஞாபகம் இருக்கா? ஐடிஆர் தாக்கல் பண்ண கடைசி நாள் செப்டம்பர் 15. அதுக்கு முந்தின நாள் வாட்ஸ்அப் முழுக்க ஒரு மெசேஜ் சுத்துச்சு. கடைசி தேதியை செப்டம்பர் 30 வரைக்கும் நீட்டிச்சுட்டாங்களாம். அது பொய்ச் செய்தின்னு வருமான வரித்துறை தன்னோட எக்ஸ் பக்கத்துல மறுத்தது. கடைசியில நீட்டிப்பு கிடைச்சது ஒரே ஒரு நாளுக்கு மட்டும்தான், செப்டம்பர் 16 வரைக்கும்.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கே"ன்னு அந்த மெசேஜை நம்பி உட்கார்ந்தவங்களுக்கு என்ன ஆகும்னு பாருங்க. மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல இருந்தா 234எஃப் பிரிவுல 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். அதைவிட வலிக்கிறது இன்னொண்ணு. தாமதமா தாக்கல் பண்ணினா பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. எச்ஆர்ஏ, 80சி, குடியிருக்கிற வீட்டோட ஹோம் லோன் வட்டின்னு வருஷம் முழுக்க சேர்த்து வெச்ச கணக்கெல்லாம் ஒரு ஃபார்வர்டுல போயிடும்.

இதுல ஃபார்வர்டு பண்ணின மாமா மேல கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல. அதே வருஷம் ஜூலை 31-ல இருந்து செப்டம்பர் 15-க்கு நீட்டிச்சப்போ மே 27-ஆம் தேதியே முறையா பத்திரிகைக் குறிப்பு வந்துச்சு. ஒரிஜினல் எப்பவும் எங்கேயோ ஒரு இடத்துல இருக்கு. அது நம்ம கைக்கு நேரா வர்றதுக்கு ஒரு வழி இருக்கு. பைசா செலவில்ல, ஃபோன் நம்பர் கேட்காது, அல்காரிதம் கிடையாது. அதுதான் ஆர்எஸ்எஸ் ஃபீட்.

ஃபீட்னா என்ன?

பேங்க் மினி ஸ்டேட்மென்ட் தெரியும்ல? கடைசி சில பரிவர்த்தனைகள் மட்டும், புதுசு மேல, பழசு கீழ. தேதி, விவரம், தொகை, அவ்வளவுதான். ஒரு இணையதளத்தோட மினி ஸ்டேட்மென்ட்தான் ஃபீட். புதுசா என்ன வெளியிட்டாங்க, தலைப்பு என்ன, எந்தத் தேதி, முழுசா படிக்க லிங்க் எது. இது ஒரு சின்ன எக்ஸ்எம்எல் ஃபைலா தளத்துலயே இருக்கும். பிரவுசர்ல நேரா திறந்தா சில சமயம் ஏதோ கோடிங் மாதிரி தெரியும், பயப்படாதீங்க. அது நமக்காக எழுதினது இல்ல, ரீடர் ஆப்புக்காக எழுதினது.

ரீடர் ஆப் பண்ற வேலை ரொம்ப சிம்பிள். நீங்க கொடுத்த ஒவ்வொரு ஃபீட் முகவரிக்கும் குறிப்பிட்ட இடைவெளியில போய் "புதுசா ஏதாவது வந்திருக்கா?"ன்னு பார்த்துட்டு வரும். ஃபீட்ல ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளக் குறி இருக்கும். ஏற்கனவே பார்த்த குறின்னா விட்டுடும், புதுசுன்னா உங்க லிஸ்ட்ல சேர்க்கும். அதாவது தளம் உங்களைத் தேடி வர்றதில்ல, உங்க ஆப்தான் தளத்தைத் தேடிப் போகுது. யார் கேட்டாலும் அதே ஃபைல்தான். நீங்க நேத்து எந்த வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தீங்கன்னு அதுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க அக்கறையும் இல்ல.

இந்த மினி ஸ்டேட்மென்ட் ஒப்பீட்டுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. வேர்ட்பிரஸ்ல நடக்கிற தளம்னா, மாத்தாம விட்டா ஃபீட்ல கடைசி 10 பதிவுதான் இருக்கும். யூடியூப் சேனலோட ஃபீட்ல கடைசி 15 வீடியோ. மூணு மாசம் கழிச்சு சேர்த்தா பழசு கிடைக்காது. அதனால தேவைப்படும்போது பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடாம இன்னைக்கே சேர்த்துடுங்க.

ஒரு குட்டி வரலாறு. 1999-ல நெட்ஸ்கேப் கம்பெனியில உருவானது இது. உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் ராமநாதன் வி. குஹா, நம்ம சென்னை ஐஐடியில பி.டெக் படிச்சவர். 2005-ல கூகுள் ரீடர் வந்தப்போ இது உச்சத்துல இருந்துச்சு. 2013 ஜூலை 1-ல கூகுள் அதை மூடினதும் ஆர்எஸ்எஸ் செத்துப் போச்சுன்னு எல்லாரும் எழுதினாங்க. சாகல. நீங்க கேட்கிற பாட்காஸ்ட் பெரும்பாலும் இன்னைக்கும் இந்த ஃபீட் வழியாத்தான் ஆப்புக்கு வருது.

சம்பளக்காரங்க எந்த ஃபீடைச் சேர்க்கணும்?

முதல்ல ஒரு ரீடர். ஃபீட்லி, ஐனோரீடர் ரெண்டுக்குமே இலவசத் திட்டம் இருக்கு, நம்ம தேவைக்கு அதுவே போதும். ஐஃபோன்காரங்களுக்கு நெட்நியூஸ்வயர் முழுக்க இலவசம். ஆண்ட்ராய்டுல ஃபீடர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆப் இருக்கு, அக்கவுன்ட்டே தேவையில்ல.

என் லிஸ்ட்ல முதல் இடம் ரிசர்வ் வங்கிக்கு. அவங்க தளத்துல பத்திரிகைக் குறிப்புக்கு ஒரு ஃபீட், அறிவிக்கைகளுக்குத் தனியா ஒரு ஃபீட் வெச்சிருக்காங்க. ரெண்டையும் சேருங்க. ஏன்னு கேட்டா, பணக்கொள்கை முடிவு வர்ற அன்னைக்கு டிவியில ஓடுறது ரெப்போ ரேட் ஒண்ணுதான். ஆனா அதே நாள்ல "வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைக் கொள்கைகள்" பத்தி இன்னொரு அறிக்கையும் வரும். சாதாரண ஆளுக்குத் தேவையான விஷயம் பல சமயம் அதுலதான் ஒளிஞ்சிருக்கும். யுபிஐ வழியா வரி கட்டுற வரம்பை 1 லட்சத்துல இருந்து 5 லட்சமா உயர்த்துறதா 2024 ஆகஸ்ட் 8-ல சொன்னது அந்த மாதிரி அறிக்கையிலதான்.

இன்னும் பெரிய உதாரணம் 2023 ஆகஸ்ட் 18-ல வந்த சுற்றறிக்கை. ஃப்ளோட்டிங் வட்டியில ஹோம் லோன் வாங்கினவங்களுக்கு அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? வட்டி ஏறுச்சு. இஎம்ஐ அப்படியே இருந்துச்சு. நிம்மதியா இருந்தாங்க. ஆனா பேங்க் சத்தமில்லாம கடன் காலத்தை நீட்டிடுச்சு, 20 வருஷ லோன் 25-ஐத் தாண்டிப் போச்சு. இதுக்குத்தான் அந்தச் சுற்றறிக்கை. வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டணுமா, காலத்தை நீட்டணுமா, ரெண்டையும் கலந்து பண்ணணுமான்னு கடன் வாங்கினவங்களைக் கேட்கணும். இதுவரைக்கும் அசல் எவ்வளவு கழிஞ்சது, வட்டி எவ்வளவு போச்சு, எத்தனை இஎம்ஐ பாக்கின்னு மூணு மாசத்துக்கு ஒருதடவை ஸ்டேட்மென்ட் தரணும். இதை அன்னைக்கே படிச்சவங்க பேங்குக்கு ஒரு மெயில் போட்டு "எனக்கு இஎம்ஐயைக் கூட்டிக்கோங்க"ன்னு கேட்டிருக்கலாம். படிக்காதவங்களுக்கு, அப்படிக் கேட்க உரிமை இருக்குங்கறதே தெரியாது. இந்த மாதிரி விஷயம் ரீல்ஸ்ல வைரலாகாது. அதுல மசாலா இல்ல.

இது வட்டி இறங்கும்போதும் பொருந்தும். 2025-ல ரெப்போ 6.50-ல இருந்து நாலு தடவையா இறங்கி டிசம்பர்ல 5.25 சதவீதம் ஆச்சு. ரெப்போவோட இணைஞ்ச லோன்ல வட்டியை மூணு மாசத்துக்கு ஒருதடவையாவது மாத்தி அமைக்கணும்னு விதி. ஃபீட்ல வந்த தேதியை காலண்டர்ல குறிச்சு வெச்சா, உங்க லோன்ல வட்டி குறைஞ்சுதான்னு எப்போ செக் பண்ணணும்னு தெரிஞ்சுடும்.

அடுத்தது செபி. சுற்றறிக்கை, உத்தரவு எல்லாமே அவங்க ஃபீட்ல வரும். ரொம்ப டெக்னிக்கலாத்தான் இருக்கும், முக்கால்வாசியைத் தாண்டிப் போயிடுங்க. ஆனா தலைப்பை மட்டுமாவது ஓட்டிப் பாருங்க. நீங்க ஃபாலோ பண்ற "எக்ஸ்பர்ட்" பேர் ஒரு உத்தரவுல வந்தா, முதல்ல தெரிய வேண்டியது உங்களுக்குத்தான்.

மூணாவது பிஐபி, அதாவது மத்திய அரசோட பத்திரிகைத் தகவல் அலுவலகம். வரி, பிஎஃப், சிறுசேமிப்பு சம்பந்தமான அரசுக் குறிப்புகள் இங்க வரும். கூடவே எல்லா அமைச்சகத்தோட குறிப்பும் வந்து குவியும், அதுதான் தலைவலி. இதுக்கு வழி கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

பங்குல நேரடியா முதலீடு பண்றவங்க என்எஸ்இ ஃபீடையும் சேர்க்கலாம், கம்பெனிகளோட அறிவிப்பு, டிவிடெண்ட், போர்டு மீட்டிங் எல்லாம் வரும். மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி மட்டும்தான்னா வேண்டாம், வீண் பரபரப்பு. அதுக்குப் பதிலா கூகுள் அலர்ட்ஸ்ல உங்க ஃபண்ட் பேரைக் கொடுங்க. எங்க அனுப்பணும்னு கேட்கிற இடத்துல மெயிலுக்குப் பதிலா ஆர்எஸ்எஸ் ஃபீட்னு தேர்ந்தெடுத்தா அதுவும் ரீடருக்கே வந்துடும். ஃபண்ட் மேனேஜர் மாறினா பெரும்பாலும் இதுல தெரிஞ்சுடும்.

யூடியூப் சேனலுக்கும் இதே வழிதான். சேனல் லிங்கை காப்பி பண்ணி ஃபீட்லியில தேடுற இடத்துல போட்டா போதும். பெல் ஐகான்ல "எல்லாம்"னு கொடுக்கலேன்னா எந்த வீடியோவுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பணும்னு யூடியூப்தான் முடிவு பண்ணும். நம்ம சேனல்ல பிஎஃப் பத்திப் போட்ட வீடியோ எனக்கு வரவே இல்லையேன்னு கமென்ட்ல கேட்டவங்களுக்கும் இதுதான் பதில்.

தானா நடக்கணும்னா

ரீடரைத் திறந்து பார்க்கவே நேரமில்லைன்னு சொல்வீங்க, நியாயம்தான். இஃப்ட்னு ஒரு சேவை இருக்கு. "இந்த ஃபீட்ல இந்த வார்த்தையோட புதுப் பதிவு வந்தா, எனக்கு அனுப்பு"ன்னு அதுல விதி எழுதலாம். பிஐபி வெள்ளத்தை அடக்குற வழி இதுதான். நேரடி வரி வாரியத்தோட சுருக்கப் பேரான சிபிடிடியை ஆங்கிலத்துல கொடுத்து வெச்சா, வரி சம்பந்தப்பட்ட தலைப்பு மட்டும் மெயிலுக்கோ டெலிகிராமுக்கோ வரும். கூகுள் ஷீட்ல பழக்கம் இருந்தா இம்போர்ட்ஃபீட்னு ஒரு ஃபார்முலா இருக்கு. ஃபீட் முகவரியைக் கொடுத்தா தலைப்பு, தேதி, லிங்க் எல்லாம் வரிசையா செல்லுல வந்து உட்காரும். மாசச் செலவு ஷீட்டுக்குப் பக்கத்து டேப்லயே ரிசர்வ் வங்கி அறிவிப்பையும் வெச்சுக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவா இருக்கட்டும். ரீடர் ஆப் கேட்டாத்தான் செய்தி வரும்னு சொன்னேன்ல? இலவச சேவைகள்ல அது உடனுக்குடன் நடக்காது, கொஞ்சம் தாமதம் இருக்கும். டிரேடிங்குக்கு இதை நம்பாதீங்க. ஐடிஆர் தேதி, லோன் விதி, வட்டி மாற்றம் மாதிரி விஷயங்களுக்கு சில மணி நேரத் தாமதம் ஒரு பிரச்சினையே இல்ல.

ஆஃபீஸ் நண்பர்கள் குரூப்ல தானா போஸ்ட் ஆகுற மாதிரி வைக்கலாமான்னு கேட்டா, தாராளமா வைக்கலாம். ஆனா தலைப்பும் ஒரிஜினல் லிங்க்கும் மட்டும் போகட்டும். முழுக் கட்டுரையையும் ஃபீட்ல இருந்து எடுத்து உங்க பேர்ல போடறது திருட்டு. ஏஐ வெச்சு சுருக்கி யாரும் பார்க்காமலே குரூப்புக்கு அனுப்புற ஏற்பாடும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கையில முக்கியமே எந்தத் தேதியில இருந்து, யாருக்குப் பொருந்தும்ங்கறதுதான். சுருக்கத்துல அந்த ஒரு வரி விட்டுப் போச்சுன்னா நீங்களே இன்னொரு செப்டம்பர் 30 மெசேஜை உருவாக்கிட்டீங்கன்னு அர்த்தம். ஷேர் டிப்ஸ் தர்ற தளங்களோட ஃபீடை குரூப்ல இணைக்கவே கூடாது. டெலிகிராம் சேனல்ல பங்குப் பரிந்துரை போட்டவங்க மேல 2022-லயே செபி நடவடிக்கை எடுத்திருக்கு. முதலீட்டு ஆலோசனை சொல்ல செபி பதிவு வேணும். "ஆட்டோமேட்டிக்கா போச்சு சார், எனக்குத் தெரியாது"ங்கறது அங்க எடுபடாது.

சேர்க்கும்போது முகவரியை மட்டும் ஒருதடவை உத்துப் பாருங்க. செபின்னா முகவரி "டாட் கவ் டாட் இன்"னு முடியணும். ரிசர்வ் வங்கின்னா "ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்". ரீடர்ல தேடினா அதே பேர்ல வேற யாரோ நடத்துற தளங்களும் வந்து நிக்கும்.

எல்லாம் சேர்த்து முடிச்சதும் செட்டிங்ஸ்ல ஓபிஎம்எல் எக்ஸ்போர்ட்னு ஒண்ணு இருக்கும். அதை அழுத்தினா உங்க ஃபீட் லிஸ்ட் முழுக்க ஒரு சின்ன ஃபைலா கிடைக்கும். கூகுள் ரீடர் மூடினப்போ இந்த மாதிரி ஃபைலை எடுத்துக்கிட்டுத்தான் நிறையப் பேர் வேற ஆப்புக்கு மாறினாங்க. பான் கார்டு, ஃபார்ம் 16 வெச்சிருக்கிற அதே டிரைவ் ஃபோல்டர்ல இதையும் போட்டு வைங்க. பிஐபி ஃபீடுக்கு இஃப்ட் விதி எழுதறதை ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கோட அடுத்த வீடியோவுல காட்டுறேன். நடுவுல எங்கயாவது மாட்டிக்கிட்டா எந்த ஃபீட், எந்த ஆப்னு கமென்ட்ல போடுங்க.