படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறதா?

படுக்கையில் புரளும்போது, குனியும்போது, பரணை அண்ணாந்து பார்க்கும்போது அறையே சுழல்கிறதா? ஒரு நிமிடத்துக்குள் அடங்கியும் விடுகிறதா? பித்தம், ரத்த அழுத்தம், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால், இப்படி வந்துபோகும் சுற்றலுக்குப் பெரும்பாலும் உள்காதுதான் காரணம்.

காதுக்குள் என்ன நடக்கிறது? அங்கே ஒரு பையில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. வயதானாலோ தலையில் அடிபட்டாலோ சில துகள்கள் கழன்று, அரைவட்டக் குழல்களுக்குள் (தலை திரும்புவதை மூளைக்குச் சொல்லும் நீர் நிறைந்த குழல்கள்) போய்விடும். தலையை அசைத்து நிறுத்திய பிறகும் அவை நகர்வதால், இன்னும் சுழல்வதாக மூளைக்குத் தவறான சேதி போகிறது.

மாத்திரை போதாதா? அது குமட்டலைக் குறைக்கும், துகளை நகர்த்தாது. மாதக்கணக்கில் மாத்திரையும் கழுத்துப் பட்டையுமாகப் பலர் அவதிப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் சரியான சிகிச்சைக்குச் சில நிமிடங்களே தேவை.

அது என்ன சிகிச்சை? எப்லி முறை (துகள்களைப் பழைய இடத்துக்கே திருப்பும் தலையசைவுகள்). அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்லி உருவாக்கியது. காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் உங்கள் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டெனப் படுக்க வைப்பார். சுற்றும், பயப்படாதீர்கள், கண்ணையும் மூடாதீர்கள். கண்மணி துடிக்கும் விதத்தை வைத்துத்தான் எந்தக் காது என்று தெரியும். வலக்காது என்றால், அப்படியே சிறிது நேரம் வைத்திருந்து, தலையை இடப்பக்கம் திருப்புவார். பிறகு முகம் தரையைப் பார்க்கும்படி இடப்புறமாகப் புரண்டு படுக்கச் சொல்லி, கடைசியில் எழுப்பி உட்கார வைப்பார். பலருக்கு ஓரிரு முறையிலேயே குணமாகும்.

வீட்டிலேயே செய்யலாமா? முதல் முறை வேண்டாம். காது மாறினால் பலனில்லை. கழுத்திலோ முதுகிலோ கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு? வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். சில நாள் லேசான தள்ளாட்டம் இருக்கலாம். உட்கார்ந்தபடி தூங்கத் தேவையில்லை. சுற்றல் மறுபடி வந்தாலும் இதே சிகிச்சைதான்.

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம், தாங்கமுடியாத திடீர்த் தலைவலி, நிற்கவே முடியாத நிலை இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்; உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.