வெயில் நாட்டில் வெயில் காணாத முதியோர்

அவுஸ்திரேலியா வெயிலுக்குப் பெயர்பெற்ற நாடு. இங்கு வாழும் நம் முதியோர் பலருக்கு வெயிலினாற் கிடைக்கும் விற்றமின் டி குறைவாக உள்ளதென்றால் மாணவர்கள் வியப்படைவர். ஆயினும் அதுவே உண்மை.

சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் தோலிற் படும்போது இச்சத்து உண்டாகின்றது. தோலுக்குக் கருமை தரும் மெலனின் அக்கதிரைத் தடுப்பதால், வெண்ணிறத்தோரிலும் கூடிய நேரம் நமக்கு வெயில் வேண்டும். முதுமையிலோ தோலின் ஆற்றலும் குன்றும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே உள்ளது. மெல்பேணோ 38 பாகை தெற்கே. யூன் முதல் ஓகஸ்ட் வரை இங்கு அக்கதிர் மிக மெலிந்திருக்கும். ஊரில் முற்றம் கூட்டும்போதும் கோயிலுக்கு நடக்கும்போதும் வெயில் தானாகவே கிடைத்தது. இங்கு எல்லோரும் வேலைக்கும் பாடசாலைக்கும் சென்றபின் அம்மம்மாவும் அப்பப்பாவும் கதவடைத்து உள்ளே இருக்கின்றனர். யன்னலருகே வெயிலில்தானே அமர்ந்திருக்கிறார்கள் என்பீர்கள். கண்ணாடி வெப்பத்தை உள்ளே விடும். வேண்டிய கதிரை விடாது!

1981இல் விக்ரோறியாவில் தொடங்கிய ‘சிலிப், சிலொப், சிலாப்’ இயக்கம் சட்டை, களிம்பு, தொப்பி மூன்றையும் வலியுறுத்தியது. தோற்புற்றுநோய் மலிந்த இந்நாட்டில் அது நற்பணியே. ஆனால் வெண்ணிறத் தோலுக்குரிய அவ்வறிவுரை அப்பப்பாவுக்கு அப்படியே பொருந்தாது. 2024இல் வெளியான அவுஸ்திரேலிய வழிகாட்டலும் தோலின் நிறத்திற்கேற்ப அறிவுரையை வேறுபடுத்தியுள்ளது.

இச்சத்துக் குறைந்தால் உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் செவ்வனே உறிஞ்சாது. எலும்பு நலியும், தசை தளரும். ‘வயது போனால் உளைவு வரத்தானே செய்யும்’ என்று நாம் தள்ளிவிடும் வலி சிலவேளை இதுவே. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தபின் முன்போல் நடமாட இயலாது போனோர் பலர்.

எழுபதைக் கடந்தோர்க்கு நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் தேவை என்பது இந்நாட்டின் கணிப்பு. 250 மில்லிலீற்றர் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராமே உண்டு. தேநீரில் விடும் பால் எம்மாத்திரம்? குரக்கன், முருங்கையிலை, தயிர், முள்ளோடு உண்ணும் நெத்தலி ஆகியன நாமறிந்த உணவுகளே. சாளை, சாமன் மீன்களிலும் முட்டை மஞ்சட்கருவிலும் விற்றமின் டியும் உண்டு. எனினும் உணவால் மட்டும் இக்குறை தீர்வதரிது. தனித்திருக்கும் பகலில் தேநீரும் இரண்டு பிஸ்கற்றுமே மதிய உணவாகும் வீடுகளும் உள. அவற்றில் தசைக்கு வேண்டிய புரதம் ஏது? பருப்போ முட்டையோ சமைத்து வைத்துச் செல்வது பெற்றோரால் இயலாததன்று.

நீரிழிவுக்கு மெற்போமின் உட்கொள்வோரும் சைவ உணவினரும் விற்றமின் பி12இன் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. அது குறைந்தாற் பாதம் மரத்து நடை தடுமாறும். கடையில் விற்கும் குளிகைகளைத் தாமாகவே மிகையாக விழுங்குதல் தகாது. முதலில் இரத்தப் பரிசோதனை செய்க.

குளிர்காலத்தில் நண்பகலே நடக்க ஏற்ற வேளை. முகமும் முன்கைகளும் வெளித்தெரிதல் வேண்டும். விடுமுறை நாள்களிற் பேரப்பிள்ளைகள் உடன் செல்லலாம். கோடையிலாயின் காலையிற் செல்க. நண்பகல் வெப்பம் முதியோர்க்கு ஆகாது.