இரைப்பை ஜிஸ்ட் கட்டி

இரைப்பை ஜிஸ்ட் கட்டி என்பது இரைப்பைச் சுவரின் தசை அடுக்கில் தோன்றும் அரிய வகைப் புற்றுநோயாகும். வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் உட்சவ்வில் தொடங்குகிறது. ஜிஸ்ட், குடல் அசைவை ஒழுங்குபடுத்தும் கஹால் செல்களின் வழியில் உருவாகிறது. பெரும்பாலான கட்டிகளில் கிட் என்னும் மரபணுவில் பிறழ்வு இருப்பதை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ராணிப்பேட்டை, ஆம்பூர் போன்ற தோல் பதனிடும் ஊர்களில் இந்நோய்க்கும் குரோமியமே காரணமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சுவாசிப்பதால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உறுதி. ஜிஸ்ட்டுடன் அத்தகைய தொடர்பு நிறுவப்படவில்லை.

அறுவை சிகிச்சை

பரவாத கட்டிக்கு அறுவையே முதன்மைச் சிகிச்சை. கட்டியைச் சுற்றிச் சிறிது நல்ல திசுவுடன் சேர்த்து வெட்டி எடுத்தால் போதும். பெரும்பாலும் முழு இரைப்பையையும் அகற்ற வேண்டியதில்லை. ஜிஸ்ட் நிணநீர்க் கணுக்களுக்கு அரிதாகவே பரவுவதால் அவற்றையும் வழக்கமாக எடுப்பதில்லை. ஆனால் கட்டி உடையக் கூடாது. மென்மையான அதன் உறை கிழிந்தால் புற்றுச் செல்கள் வயிற்றறைக்குள் சிந்தி, நோய் மீள்வது ஏறக்குறைய உறுதியாகிவிடும். எனவே லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தாலும் கட்டியைப் பையிலிட்டே வெளியே எடுப்பர். மிகப் பெரிய கட்டியை முதலில் இமாட்டினிப் மாத்திரையால் சுருக்கிவிட்டு அறுப்பதும் உண்டு.

நோயின் போக்கு

கட்டியின் அளவும் செல் பிரியும் வேகமும் சேர்ந்தே நோயின் போக்கைத் தீர்மானிக்கின்றன. இமாட்டினிப் வருவதற்கு முந்தைய நோயாளிகளை அமெரிக்க ஆயுதப்படை நோயியல் நிறுவனம் நெடுங்காலம் பின்தொடர்ந்தது. நுண்ணோக்கியின் 50 புலங்களில் 5-க்கு மேற்படாத செல் பிரிதல் கொண்ட 2 முதல் 5 செ.மீ. இரைப்பைக் கட்டிகளில் 1.9 விழுக்காட்டினருக்கே நோய் முற்றியது. 10 செ.மீ.-க்கு மேற்பட்டு, செல் பிரிதலும் 5-ஐத் தாண்டியவர்களில் அது 86 விழுக்காடு. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால், நோயியல் அறிக்கையில் இவ்விரு எண்களையும் கேட்டுப் பெறுவது நல்லது.

மீளும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் நாளொன்றுக்கு 400 மி.கி. இமாட்டினிப் 3 ஆண்டுகள் தரப்படுகிறது. 2012-இல் வெளியான ஆய்வில், 3 ஆண்டுகள் உட்கொண்டோரில் 92 விழுக்காட்டினர் 5 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். ஓராண்டு மட்டும் உட்கொண்டோரில் இது சுமார் 82 விழுக்காடு. பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவின் டி842வி பிறழ்வு உள்ள கட்டிக்கு இம்மருந்து பயன் தராது. ஆகவே மரபணுப் பரிசோதனை செய்யாமல் மருந்தைத் தொடங்குவது வீண்செலவாக முடியலாம்.

இம்மருந்தின் விலையில் சென்னைக்கும் பங்குண்டு. இதன் படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-இல் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்துக்கு ஈடான இந்தியத் தயாரிப்புகள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் தொடர்ந்து கிடைக்க இத்தீர்ப்பு வழிசெய்தது. மாத்திரையை நிறுத்திய பிந்தைய ஓரிரு ஆண்டுகளில் நோய் மீள்வது கூடுதலாகக் காணப்படுவதால், அக்காலத்தில் சிடி ஸ்கேன் பரிசோதனை அடிக்கடி செய்யப்படுகிறது.