மடைப்பள்ளியிலும் மஞ்சன நீரிலும் மணக்கும் ஏலம்

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள அம்பிகைக்கு ஏலவார்குழலி என்பது திருநாமம். ஏலம் என்னும் சொல் அடுக்களையில் வழங்கும் ஏலக்காயைக் குறிக்கும். மகளிர் கூந்தலுக்குப் பூசும் மயிர்ச்சாந்தையும் குறிக்கும். மணங்கமழும் நீண்ட கூந்தலை உடையவள் என்பதே அத்திருநாமத்தின் பொருளாம். உண்பதற்கும் பூசுவதற்கும் உரிய இருவகைப் பயனையும் இவ்வொரு சொல் தன்னுள் அடக்கி நிற்கிறது.

இதற்குக் கல்லிலும் சான்று உண்டு. கி.பி. 985 முதல் 1014 வரை ஆட்சி புரிந்த முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், இறைவனின் திருமஞ்சன நீரில் இடுதற்கு ஏலவரிசி, செண்பகமொட்டு, இலாமச்சவேர் ஆகியவை வேண்டுமென்று அன்பர்கள் பொருள் வைத்த செய்தி காணப்படுகிறது. வைத்த முதல் குறையாமல் நிற்க, அதன் பொலிசையைக் கொண்டு இப்பொருள்களை வாங்குதல் வேண்டும் என்பது ஏற்பாடு. ஏலவரிசி என்பது ஏலக்காயின் உள்ளிருக்கும் விதையே. தாம்பூலத்தோடு கொள்ளும் பஞ்சவாசத்திலும் இலவங்கம், சாதிக்காய், தக்கோலம், கற்பூரம் என்பவற்றோடு ஏலமும் சேரும்.

ஏலம் இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த செடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமும் மரநிழலும் உள்ள சரிவுகளே அதன் தாயகம். காய்கள் செடியின் அடியிலிருந்து கிளைக்கும் கொத்துகளில், தரையை ஒட்டி விளைகின்றன. ஆதலின் அவற்றைக் குனிந்தே பறித்தல் வேண்டும். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து பெண்கள் பலர் விடியற்காலையில் புறப்பட்டு, இடுக்கி மலைத் தோட்டங்களுக்குச் சென்று இவ்வேலையைச் செய்து வருகின்றனர். முற்றிலும் பழுக்குமுன் பறித்து, அளவான வெப்பத்தில் உலர்த்தினால்தான் பச்சை நிறமும் மணமும் நிலைக்கும். அவ்வாறு உலர்த்திய காய் போடிநாயக்கனூர் சந்தையில் விலைபோகிறது.

ஏலத்தின் மணம் தோலில் இல்லை என்றே சொல்லலாம். விதையில் உள்ள எண்ணெயே மணத்திற்குக் காரணம். குளிர்ச்சி தரும் சினியோல், இனிமை தரும் டெர்பினைல் அசிட்டேட் என்னும் இரண்டும் அவ்வெண்ணெயில் மிகுதி. இவை விரைந்து ஆவியாகும் இயல்பின. ஆதலின் பாயசத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் இறக்கிய பின்னரே ஏலப்பொடி தூவுதல் மடைப்பள்ளி வழக்கம். கொதிக்கும்போது இட்டால் மணம் ஆவியோடு போய்விடும். இறக்கியபின் இட்டால் நெய்யும் பாலும் அதனைப் பற்றிக்கொள்ளும்.

வாசனைத் தைலம் செய்வோரும் இவ்வியல்பை அறிந்தே தொழில் செய்கின்றனர். நீராவியில் வடித்த ஏல எண்ணெய் முதலில் எழுந்து முதலில் மறையும் மணம். அதனைத் தாங்கி நிறுத்தச் சந்தன எண்ணெய் போன்ற கனத்த மணப்பொருள் ஒன்று அடியில் வேண்டும். பாயசத்தில் நெய் செய்யும் உதவியை அத்தரில் சந்தனம் செய்கிறது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரில் மரபு வழியில் வடிக்கும் அத்தர் சிலவற்றில் ஏலமும் இடம்பெறும்.

இவ்விருவகைப் பயன் ஒரு தீங்கிற்கும் வழி வகுத்துள்ளது. எண்ணெய் வடித்தெடுத்த வெறுங்காயை மாவுக்கல் பொடி பூசி, நல்ல காயோடு கலந்து விற்பவர் உளர். பழைய காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுபவரும் உளர். பிள்ளைகளின் கல்வி வேண்டி ஹயக்ரீவருக்கு ஏலக்காய் மாலை சாத்தும் அன்பர்கள் பலர். சாத்திக் களைந்த அம்மாலையின் காய்கள் பிரசாதமாகப் பிள்ளைகளின் வாய்க்கே சேர்கின்றன. சாயமும் அவ்வழியே சேரும் என்பதை மறத்தல் கூடாது.

நிவேதனத்துக்கு உரியதை முன்னரே முகர்தலும் சுவைத்தலும் மரபன்று. ஆதலின் வாங்கும் கடையிலேயே இரண்டொரு காயைத் தனியே எடுத்துச் சோதித்துக்கொள்க. விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுதல் ஆகாது. நீரில் இட்டால் பச்சை நிறம் கரைதல் ஆகாது. பிளந்தால் விதை கருத்துப் பிசுபிசுப்பாய் இருத்தல் வேண்டும். மென்றால் காரமும் குளிர்ச்சியும் தோன்றுதல் வேண்டும். சோதனையில் தேறிய காயைத் தோலோடு மூடிவைத்து, வேண்டும்போது மட்டும் பொடித்துக்கொள்க. எஞ்சிய தோலைக் குடிநீரில் இட்டுக் கொதிக்கவைத்து அருந்தலாம்.

முதல் குறையாமல் பொலிசையில் ஏலவரிசி வாங்குக என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதினர். இன்று அரைப்பலம் ஏலம் வாங்கி அளிப்பவரும் அக்கட்டளையையே தொடர்கின்றனர். அளிக்கும் அளவு சிறிதாயினும் ஆகுக. அதன் மணம் மெய்யான மணமாக இருத்தல் வேண்டும்.