வெள்ளாட்டுக்கு மயக்கமருந்து

வெள்ளாட்டை ‘ஏழையின் பசு’ என்று கூறுவது வழக்கம். தறிக்கு நூல் கிடைக்காத நாளிலும், மழை பொய்த்த பருவத்திலும் குடும்பத்தைத் தாங்குபவை நமது கொட்டிலில் நிற்கும் இரண்டொரு ஆடுகளேயாகும். அவற்றுள் ஒன்றுக்குக் கால் முறிந்தாலும், கட்டியை அறுத்தெடுக்க நேர்ந்தாலும் மயக்கமருந்து இன்றியமையாததாகிறது.

இதற்குக் கால்நடை மருத்துவர்கள் சைலசின், கெட்டமின் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கையாளுவதுண்டு. இரண்டும் 1962-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டவை. சைலசின் ஆட்டை அமைதிப்படுத்தித் தசைகளைத் தளர்த்தும். ஆனால் மூச்சையும் இதயத் துடிப்பையும் மந்தப்படுத்தும். கெட்டமின் உணர்வை நீக்கும். தனித்துக் கொடுத்தாலோ தசைகள் விறைத்துக்கொள்ளும். இரண்டும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது.

ஆபத்து அளவில்தான் உள்ளது. குதிரைக்குத் தரும் சைலசினில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே ஆட்டுக்குப் போதும். கிலோ எடைக்கு 0.05 மில்லிகிராம் எனக் கொண்டால், 25 கிலோ ஆட்டுக்கு வேண்டுவது 1.25 மில்லிகிராமே. ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் உள்ள மருந்தை ஒரு மில்லிலிட்டர் ஏற்றிவிட்டால், அது பதினாறு மடங்காகிவிடும்! ஆகையால் மருத்துவரன்றி வேறெவரும் இவ்வூசியைத் தொடலாகாது.

எனினும் ஆட்டுக்குரியவர் செய்ய வேண்டிய கடமைகளும் உள. அசைபோடும் பிராணி மயங்கிக் கிடக்கையில் ஏப்பம் நின்று வயிறு உப்பும். மேலெழும் இரை மூச்சுக்குழலில் புகுந்தால் உயிருக்கே கேடு. எனவே வளர்ந்த ஆட்டுக்கு முன்னதாகப் பன்னிரண்டு மணி நேரமேனும் தீவனத்தை நிறுத்த வேண்டும்; பால்குடிக் குட்டியை அவ்வாறு பட்டினி போடலாகாது. சினையாயின் அதனை மறவாமல் மருத்துவரிடம் கூறவேண்டும். சைலசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடும். படுத்திருக்கையில் கழுத்தின் கீழ் மடித்த சாக்கை வைத்து, உமிழ்நீர் வெளியே வடியும்படி வாயைத் தாழ்த்தி வைத்தல் நன்று. பின்னர் ஆட்டை மார்பின்மீது நிமிர்த்தி இருத்தி, இருபுறமும் அணைகொடுத்து, அது உறுதியாக எழுந்து நிற்கும் வரை தீனியும் நீரும் தராதிருக்க வேண்டும். சைலசினின் வேகத்தைத் தணிக்க யோகிம்பின் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. கெட்டமினுக்கு அத்தகைய மாற்று இல்லை. பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் விலக்குவது என்பதையும் மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

நூலையும் பஞ்சையும் பிசகின்றி நிறுத்து வாங்கும் நாம், ஆட்டின் எடையை மட்டும் கண்ணால் மதிப்பிடலாமா? முதலில் அதனைத் தராசில் ஏற்றுவோம்; மருந்தின் அளவு அதன்பின்னரே.